மூன்றாவது பிரதி

பெண்களும் தகவல் தொழில்நுட்பமும் என்று கூட்டம் வைக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடுகிறார்கள். கணினிப் பாதுகாப்பு வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். நிறையப் பெண் பிள்ளைகளைப் பழக்கிவிட்டேன். அதனால் கூப்பிடுகிறார்கள். இளம் பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிற மாதிரி ஒரு அனுபவம் சொல்லுங்கள் என்பார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் கிடையாது. நான் முதன்முதல் பழக்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு என்ன நடந்தது என்று எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் வட்டக்கச்சிக்காரி. கிளிநொச்சிச் சண்டையில் வீடும் வயலும் போய், புதுக்குடியிருப்பில் ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் அம்மாவோடு இருந்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒன்றரை வருஷம் கணினி படித்திருந்தேன். அந்த ஒன்றரை வருஷத்தை வைத்துக்கொண்டு ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். முகாம்களில் இருந்த குடும்பங்களின் விபரத்தைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. யார் குடும்பத் தலைவர், எங்கே இருந்து வந்தவர்கள், வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவருடைய பெயர், வயது. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அரிசி, கோதுமை மா, பருப்பு கொடுத்தார்கள்.

ஒரே ஒரு கணினி. பழசு. தூசி போகாமல் இருக்கப் படுக்கை விரிப்பால் மூடி வைத்திருப்போம். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரைக் காலை ஒன்பது மணிக்குப் போடுவார்கள், பதினொரு மணிக்கு நிறுத்துவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஜெனரேற்றர் போடுகிற சத்தத்தில் குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தாலும் கேட்காது. அதனால் ஒருத்தி உள்ளே தட்டச்சு செய்ய, மற்றவள் வெளியே பதுங்குகிற பங்கர் குழி வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆள் மாறுவார்கள். என்னுடைய முதல் வகுப்பு இப்படித்தான் நடந்தது.

இரண்டு பிள்ளைகள். ஒருத்தி கண்டாவளைக்காரி. வாய் ஓயாது. மற்றவளின் குடும்பம் மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து பாரதிபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியது. அங்கிருந்தும் கிளம்பி இப்போது முகாமில். அவளுக்குப் பதினெட்டு வயது. அதிகம் பேசமாட்டாள். நான் சொல்கிற ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாள்.

முதல் வாரம் இரகசியச் சொல் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். கண்டாவளைக்காரி அடித்து முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினாள்.

"முருகனோ?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா! எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"வாயால சொல்லிச் சொல்லித்தானே தட்டினனீ."

"சரி, அப்ப தட்சிணாமூர்த்தி. அவ்வளவு நீட்டுக்கு ஒருத்தரும் தட்டமாட்டினம், அலுத்துப் போய் விட்டிட்டுப் போவினம்."

"நீயும்தான் தட்டமாட்டாய்," என்றாள் மற்றவள், வாசலில் நின்று வானத்தைப் பார்த்தபடியே. அவள் வாயைத் திறந்தால் அப்படித்தான்.

அந்தக் கணினியைத் திறக்க இரகசியச் சொல் இருந்தது. ஆனால் நாங்கள் பயந்தது திருட்டுக்கு அல்ல. வன்னியில் அப்போது எங்களுக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றுதான்: இருப்பது இல்லாமல் போவது. வீடு இல்லாமல் போனது, காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் போனது, ஆட்கள் இல்லாமல் போனார்கள். ஷெல் விழுந்தால் கணினியும் பட்டியலும் போய்விடும், ஆயிரக்கணக்கான சனத்தின் சாப்பாடு நின்றுவிடும். அந்தப் பயத்தில் நான் சட்டம் போட்டேன். பத்து வரிக்கு ஒருக்கால் சேமிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இரண்டு பிளொப்பித் தட்டில் பிரதி எடுக்க வேண்டும். ஒன்று என் கொட்டிலில், மற்றது பாரதிபுரத்துப் பிள்ளையின் முகாம் வீட்டில். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரதி வைக்கவே கூடாது. பொலித்தீனில் சுற்றிப் பால்மா ரின்னுக்குள் போட்டு, ஓடும்போது தூக்குகிற பையில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். பிரதிக்கு இரகசியச் சொல் வைக்காதே.

"ஏன் அக்கா?" என்று பாரதிபுரத்துப் பிள்ளை கேட்டாள்.

"நீ செத்துப்போனால் ஆர் திறக்கிறது?"

அவள் அதையும் கொப்பியில் எழுதினாள். இன்றைக்கு எந்தப் பிள்ளையாவது பூட்டுப் போடாத பிரதியை வெளியே கொண்டுபோனால் நான் திட்டுவேன். அன்றைக்கு அதைக் கட்டளையாகச் சொன்னவளே நான்தான். பிரதி வைத்திருக்கிற ஆள் உயிரோடு இருப்பாள் என்று நம்புகிறவர்கள்தான் பூட்டுப் போடுவார்கள். நாங்கள் அதை நம்பவில்லை.

வயது விஷயத்தையும் சொல்லவேண்டும். பதினாறு வயதுக்கு மேல் என்றால் முழுப் பங்கு, கீழே என்றால் அரைப் பங்கு என்று அலுவலகத்தில் விதி. எந்த முட்டாள் அந்த விதியைப் போட்டான் என்று எனக்குத் தெரியாது. பதினான்கு வயதுப் பிள்ளை அரை வயிறுதான் சாப்பிடும் என்று அவன் நினைத்திருப்பான். அதனால் தாய்மார் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். பாரதிபுரத்துப் பிள்ளையின் தாயும் பதிய வந்தபோது இரண்டாவது மகளுக்குப் பதினேழு என்றார். அந்த மகள் பக்கத்தில் நின்றாள். மெலிந்த பிள்ளை. பார்த்தாலே தெரியும், பதினான்குதான்.

"பதினேழுன்னு போட்டுக்கங்க தங்கச்சி," என்றார் தாய், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அப்படியே பதினேழு என்று அடித்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்படி எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை நான் இரண்டு மூன்று வயது வளர்த்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். யாருடைய ஆள் என்று எழுதமாட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள் என்று சண்டைக்குச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு அது போதும். மரியாதையான ஆள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். எங்கள் பொறுப்பாளரோடு பத்து நிமிஷம் கதைத்தார். பிறகு பொறுப்பாளர் என்னிடம் வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, எங்கட குடும்பப் பட்டியல் ஒண்டு அவைக்கு வேணுமாம். சனத்தொகை பார்க்க. நாளைக்கு எடுத்துக் குடுங்கோ."

"வயசும் சேர்த்தோ?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. கேட்டதைக் குடுங்கோ."

சனத்தொகை பார்க்க வயது எதற்கு, பெயர் எதற்கு என்று கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் எனக்குக் கணினி தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த ஜெனரேற்றர் நேரத்துக்குள்ளேயே பட்டியலில் குடும்பத்துக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் விட்டு, வயது இருந்த பகுதியை முழுவதும் அழித்தேன். அலுவலகத்தில் வேலைக்கென்று வைத்திருந்த பிளொப்பியிலும் அழித்தேன். இரண்டு பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டு ஏன் என்று சொன்னேன். கண்டாவளைக்காரி அன்று ஒரு பகிடியும் விடவில்லை. மற்றவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பார்த்தது தன் வீட்டு வரியை.

அடுத்த நாள் அவர் வந்தார். குடும்பத் தலைவர் பெயரும் எத்தனை பேர் என்பதும் மட்டும் உள்ள தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார்.

"இதில வயசு இல்லையே தங்கச்சி."

"அந்தப் பகுதி பழுதாப் போச்சு அண்ணை. வைரஸ்."

"வைரஸ் வயசை மட்டுமோ தின்னும்?"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. தாள்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் முகாம் இருக்கிற பக்கம்தான் திரும்பியது. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

வீடுகளில் வைத்த பிரதிகளின் நினைவு மட்டும் ஓடியது. என் பிளொப்பியை அன்று பின்னேரமே அடுப்பில் போட்டேன். பாரதிபுரத்துப் பிள்ளையை அவளுடையதைக் கொண்டுவரச் சொன்னேன். புதன்கிழமை கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். சரி, முடிந்தது என்று நினைத்துக் கதிரையில் சாய்ந்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"அக்கா, இன்னொண்டும் இருக்கு."

"என்ன இன்னொண்டு?"

"எங்கட கொட்டில் கிடுகு அக்கா. நெருப்புப் பிடிச்சால் ஒண்டும் மிஞ்சாது. முகாம் தலைவரிட்டை பனங்குற்றி அடுக்கின பங்கர் இருக்கு. அதுதான் மாசத்துக்கு ஒருக்கால் ஒரு பிரதி எடுத்து அவரிட்டைக் குடுத்து வைக்கிறனான்."

"ஆர் உன்னை அப்பிடிச் செய்யச் சொன்னது?"

"ஒரே கூரைக்குக் கீழ இரண்டு வைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள். அலுவலகத்திலையும் ஒரு பிளொப்பி, கொம்பியூட்டருக்குள்ளையும் ஒண்டு. அது ஒரே கூரைதானே. அப்ப கணக்குக்கு வெளியில ஒண்டு குறையுது."

நான் பழக்கியதில் அவள் ஒரு பிழையும் விடவில்லை. நான் யோசிக்காததையும் யோசித்திருக்கிறாள். அவளுக்கு அடிக்க வேண்டும் போல எனக்கு வந்தது. அடிக்கவில்லை. சைக்கிளை எடுத்தேன். கண்டாவளைக்காரி பின்னால் தன் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

முகாம் தலைவர் நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். நாங்கள் கேட்டதும் உள்ளே போய், பொலித்தீன் கூடக் கசங்காமல் அந்த பிளொப்பியைக் கொண்டுவந்து தந்தார்.

"அப்பாடா," என்றாள் கண்டாவளைக்காரி. "பத்திரமா இருக்கு அக்கா."

"பத்திரமா இல்லாமல்?" என்றார் அவர். "நேற்றுக் காலமை கொண்டுபோனவை. பின்னேரமே திருப்பித் தந்திட்டினம். சொன்னால் சொன்ன மாதிரித்தான் அவை."

"ஆர் ஐயா?"

"மோட்டார் சைக்கிளில ஒருத்தர் வந்தவர். முகாம் விபரம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டார். எனக்கு உதுகள் விளங்காது பிள்ளை. இதுதான் இருக்கு எண்டு குடுத்தன். ஏன், அதில என்ன? பேரும் வயசும்தானே?"

கண்டாவளைக்காரி இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். பொருள் திரும்பி வந்துவிட்டது, பிறகென்ன என்ற சிரிப்பு. பாரதிபுரத்துப் பிள்ளைக்கு மட்டும் விளங்கிவிட்டது. "பிரதி எடுத்திருப்பினம் அக்கா," என்றாள் மெல்ல. நான் பிளொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சைக்கிள் களவு போனால் சைக்கிள் இல்லை என்று தெரியும். இது களவு போனது, என் கையிலேயே இருந்தது. கணினிப் பாதுகாப்பு என்றால் என்ன என்று நான் படித்தது அந்த முகாம் தலைவரின் முற்றத்தில், அவர் போட்ட கதிரையில் இருந்துகொண்டு. அதற்குப் பிறகு வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் சும்மா.

அங்கிருந்து நேரே பாரதிபுரத்துப் பிள்ளையின் தாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பட்டியலில் பதினேழு இருக்கிறது, பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள் என்றேன். அவர் ஒரு பையைக் கொண்டுவந்து கொட்டினார். இடம்பெயர்ந்தபோது மழையில் நனைந்து, தாள்கள் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியாது. சின்ன மகளை எங்காவது அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"எங்கிட்டுப் போறதுங்க?" என்றார். "வவுனியாவுக்குப் போறதுன்னா அவங்ககிட்டதான் பாஸ் வாங்கணும். பாஸ் கேட்டுப் போனா, ஏன் அனுப்புறீங்கன்னு கேப்பாங்க."

அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். தன்னைத்தான் திட்டிக்கொண்டார். அரைப் பங்கு மாவுக்காகப் பொய் சொன்ன பாவி என்று. அந்தச் சின்னப் பிள்ளை மூலையில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று கிழமையும் பாரதிபுரத்துப் பிள்ளை ஒரு நாள் பிந்தவில்லை, வேலையில் ஒரு பிழை விடவில்லை. ஆனால் வாசலில் நிற்கிற முறை வந்தால் வானத்தைப் பார்க்கமாட்டாள். றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"மேல பாரடி, கிபிர் றோட்டாலயோ வரும்?" என்று கண்டாவளைக்காரி உள்ளே இருந்து சத்தம் போடுவாள். அவள் திரும்பமாட்டாள்.

முகாமில் நிவாரணச் சாமான் கொடுக்கிற நாள். நான் மேசை போட்டு இருந்து, தாளில் சரி போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் என் பக்கத்தில். வெயில் ஏறியிருந்தது. வரிசை நீளம். இரண்டு மோட்டார் சைக்கிள் வந்து நின்றன. அந்த மரியாதையான ஆளும் இன்னும் மூன்று பேரும். அவர் கையில் இருந்த தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். கையால் எழுதிய தாள்தான், ஆனால் என் பட்டியல். நான் தவறுதலாக இரண்டு தடவை பதிந்த ஒரு குடும்பத்தை அவரும் இரண்டு தடவை கூப்பிட்டார்.

பிறகு பாரதிபுரத்துப் பிள்ளையின் தாயை.

"அம்மா, உங்கட மூத்தவ நிவாரண வேலையில நிக்கிறா. பதினேழு வயசில இன்னொரு பிள்ளை இருக்கு."

"அது சின்னப் புள்ளைங்க தம்பி. பதினாலுதான் ஆகுது."

"பதினேழெண்டு நீங்கள்தானே குடுத்தனீங்கள்."

"அது சாமானுக்காகச் சொன்னதுங்க."

"சாமானுக்குப் பதினேழு, எங்களுக்குப் பதினாலோ?"

வரிசையில் ஒரு ஆள் சிரித்தான். யார் என்று எனக்குத் தெரியும். இன்று உயிரோடு இருந்தால் இதை அவன் படிக்கட்டும்.

நான் எழும்பினேன். "அண்ணை, அது என்ர பிழை. நான்தான் மாறி அடிச்சனான். அந்தப் பிள்ளைக்குப் பதினாலுதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வைரஸ் எண்டு சொன்ன ஆள்தானே நீங்கள்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் பொய். ஒரு பொய்யை அவசரத்தில் செலவழித்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாய்க்கு மதிப்பில்லை.

அந்தச் சின்னப் பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற மூன்று பேரில் ஒருத்தி அவளை நோக்கி நடந்தாள். அப்போது என் பக்கத்தில் இருந்து பாரதிபுரத்துப் பிள்ளை எழும்பிப் போனாள். கையில் இருந்த பேனையை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

"வீட்டுக்கு ஒரு ஆள் எண்டால் நான் வாறன். எனக்குப் பதினெட்டு. எனக்குக் கொம்பியூட்டர் தெரியும். அவளுக்கு ஒண்டும் தெரியாது."

அந்த ஆள் யோசித்தார். பிறகு என்னைக் கேட்டார். "நீங்களோ பழக்கினது?"

"ஓம்."

"உண்மையாத் தெரியுமோ? நல்லாச் செய்வாவோ?"

இல்லை என்று சொன்னால் தங்கையைக் கொண்டுபோவார்கள். ஓம் என்றால் இவளை. அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. கணக்கு ஒன்றைச் செய்துவிட்டுச் சரியா என்று பார்க்கச் சொல்வாளே, அந்தப் பார்வை.

"கெட்டிக்காரி," என்றேன். "என்னை விடக் கெட்டிக்காரி."

என் வாழ்க்கையில் ஒரு மாணவிக்கு நான் கொடுத்த முதல் நற்சான்று அது. அது முழு உண்மை. அதனால்தான் அவளைக் கொண்டுபோனார்கள்.

தாய் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். கண்டாவளைக்காரி சத்தம் போட்டு அழுதாள். பாரதிபுரத்துப் பிள்ளை அழவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை நின்றது. கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆள் மேசைக்கு வந்து தன் அட்டையை நீட்டினாள். சரி போட்டேன்.

அதற்குப் பிறகு பாரதிபுரத்துப் பிள்ளையை நான் கண்டதில்லை. அந்தக் குடும்பம் வேறு பக்கம் போய்விட்டது. தங்கை என்ன ஆனாள் என்றும் தெரியாது. கண்டாவளைக்காரி மறுநாளில் இருந்து வேலைக்கு வரவில்லை. தாய் தகப்பன் விடவில்லை என்று சொல்லி அனுப்பினாள். அவள் பொய் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதுதான். சரிதான் அவள் செய்தது.

ஒரு கிழமை கழித்துப் பொறுப்பாளர் வந்தார்.

"வேலை குவியுது தங்கச்சி. வேற ஒரு பிள்ளையைப் பிடிச்சுப் பழக்குங்கோவன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வேலையை விட்டால் எனக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு இல்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்குப் பழக்கத் தெரியும், பழக்குவதில் எனக்கு விருப்பம் இருந்தது. அவ்வளவு நடந்த பிறகும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையைப் பார்த்தேன். பத்தொன்பது வயது, ஆங்கிலம் கொஞ்சம் வரும், கை வேகம். முதல் நாள் அவளுடைய தாயும் கூடவே வந்தார். கணினியைப் பார்த்தார், விரிப்பைத் தொட்டுப் பார்த்தார், வாசலில் இருந்த பங்கரைப் பார்த்தார். போகிற நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளைக்கு இஞ்ச ஒரு பயமும் இல்லைத்தானே தங்கச்சி?"

"இல்லை அம்மா," என்றேன்.